அழைப்பும் ஆவணமும்: இளையோரின் குடிமைப் பங்கேற்பில் இணையத் தமிழின் இடம் – கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

இணையம் இளையோரைப் பொதுவாழ்வின்பால் ஈர்க்கிறது என்பது இன்று பெரும்பான்மையோர் ஏற்கும் கருத்தாகும். எனினும், ஈர்க்கப்பட்ட இளைஞர் குடிமைச் செயற்பாட்டில் எந்த அளவிற்கு நிலைபெறுகிறார் என்பது தனி வினா. தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கில் கோம்பையை ஒட்டிய மலையடிவார ஊர்களைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது. முல்லைப் பெரியாறு எழுச்சி (2011), சல்லிக்கட்டுப் போராட்டம் (2017), பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வகச் சிக்கல் (2015–2022), சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை (2020) ஆகிய நான்கு நிகழ்வுகள் ஒப்புநோக்கப்படுகின்றன. இணையத்தில் போராட்ட அழைப்பு தமிழில் வருகிறது. முடிவைத் தீர்மானிக்கும் ஆவணமோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் நிற்கிறது. இவ்விடைவெளியே இளையோர் பங்கேற்பின் எல்லையை வரையறுக்கிறது என்பதும், அதனைக் குறைப்பது தமிழாய்வுத் துறையின் கடமைகளுள் ஒன்று என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாம்.

திறவுச்சொற்கள்: குடிமைப் பங்கேற்பு, இணையத் தமிழ், ஆட்சித்தமிழ், கோம்பை, பொட்டிப்புரம், கிராம சபை, தகவல் பெறும் உரிமை.

முன்னுரை

குடிமைப் பங்கேற்பு என்பது தேர்தலில் வாக்களிப்பதோடு முடிவதன்று. ஊர்ப் பொதுச் சிக்கலை அறிதல், அதுகுறித்துக் கருத்துரைத்தல், உரிய மன்றத்தில் வினவுதல், விடை வரும்வரை தொடர்தல் ஆகிய நான்கு படிநிலைகளையும் அது உள்ளடக்கியது. இவற்றுள் முதல் இரண்டையும் இணையம் எளிதாக்கியுள்ளது என்பதில் ஐயமில்லை. முகநூலும் புலனமும் யூடியூபும் சிற்றூர் இளைஞரையும் செய்தியின் நுகர்வோர் என்னும் நிலையிலிருந்து செய்தியைப் பரப்புவோர் என்னும் நிலைக்கு உயர்த்தியுள்ளன. அடுத்த இரண்டு படிநிலைகளில், அதாவது வினவுதலிலும் தொடர்தலிலும், இணையத்தின் பயன் என்ன என்பதே இவ்வாய்வின் சிக்கல்.

இப்படிநிலைகளுக்கு ஆவண வாசிப்பு இன்றியமையாதது. ஆவணம் தாய்மொழியில் கிடைக்காதவிடத்துப் பங்கேற்பு அழைப்போடு நின்றுவிடுகிறது என்பது இவ்வாய்வின் கருதுகோள். சட்டங்கள், நீதிமன்ற ஆணைகள், அரசு அறிவிக்கைகள் முதலிய பொது ஆவணங்கள் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன. விளக்கமுறையும் ஒப்பீட்டு முறையும் பின்பற்றப்பட்டுள்ளன.

1. கருத்துநிலைப் பின்புலம்

ஷெரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் வெளியிட்ட கட்டுரையில் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வகுத்தார். அவ்வேணியில் தகவல் தெரிவித்தலும் கருத்துக் கேட்டலும் இடைப்படிகளே. முடிவெடுக்கும் ஆற்றலில் குடிமக்கள் பங்கு பெறுவதே மேற்படி. கருத்துக்கேட்பு நடந்தது என்பதாலேயே பங்கேற்பு நிகழ்ந்ததாகக் கொள்ளலாகாது என்பது அவர்தம் வாதம்.

இணையக் காலத்திற்கு இக்கருத்தை நீட்டுவதில் இரு நூல்கள் குறிப்பிடத்தக்கன. லான்ஸ் பென்னட், அலெக்சாண்ட்ரா செகர்பெர்க் ஆகியோர் 2013இல் வெளியிட்ட நூலில், அமைப்புகளின் துணையின்றித் தனியர்கள் தம் சொந்த வெளிப்பாடுகளைப் பகிர்வதன் வழியாகவே பெருந்திரள் செயற்பாடு உருவாகக்கூடும் என்றனர். ஜெய்னப் டுஃபெக்சி 2017இல் வெளியிட்ட நூலில் இதன் மறுபக்கத்தைக் காட்டினார். முன்னைய இயக்கங்கள் பல்லாண்டு உழைப்பில் பெற்ற அமைப்பாற்றலை இணைய இயக்கங்கள் பெறாமலேயே பெருந்திரளை எட்டிவிடுகின்றன. அதனால் அடுத்த முடிவை எடுக்க வேண்டிய கட்டத்தில் தடுமாறுகின்றன என்பது அவர் கண்ட முடிபு.

இவ்வாய்வுகளில் மொழி ஒரு தனிக்கூறாகப் பெரிதும் எடுத்துக்கொள்ளப்படவில்லை. அழைப்பின் மொழியும் ஆட்சியின் மொழியும் ஒன்றாக அமைந்த நாடுகளில் அது சிக்கலாகத் தோன்றாதிருக்கலாம். தமிழ்ச்சூழலில் அஃது அடிப்படைச் சிக்கலாகும்.

2. ஆய்வுக்களம்

கோம்பை, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த பேரூராட்சி. ஊர்ப்பெயரைத் தாங்கிய நாட்டு நாயினத்தால் வெளியுலகில் அறியப்படுவது. பாளையக்காரர் வரலாற்றிலும் இடம்பெறுவது. கோம்பையிலிருந்து வடக்கே பண்ணைப்புரம், தேவாரம், பொட்டிப்புரம் என அடுத்தடுத்து அமைந்த ஊர்கள் ஒரே மலைத்தொடரின் நிழலில் வாழ்பவை. இவற்றுள் முதல் மூன்றும் பேரூராட்சிகள், பொட்டிப்புரம் ஊராட்சி. இவ்வேறுபாடு பின்னர் எடுத்துக்கொள்ளப்படும்.

பள்ளத்தாக்கின் வேளாண்மை முல்லைப் பெரியாற்று நீரைச் சார்ந்தது. மலைக்கு மேலே கேரளத்தின் ஏலத்தோட்டங்கள். கீழே நெல்வயலும் திராட்சைத் தோட்டமும். ஆகவே நீர், காடு, மாநில எல்லை ஆகியவை இங்குள்ள இளைஞருக்குப் பாடநூற்செய்திகள் அல்ல; அன்றாட வாழ்வாதாரச் செய்திகள்.

3. இரு எழுச்சிகள்: 2011, 2017

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைச் சிக்கல் முற்றியபோது கம்பம் பள்ளத்தாக்கின் பல்லாயிரம் மக்கள் குமுளி எல்லையை நோக்கித் திரண்டனர். திறன்பேசி பரவலாகாத காலம் அது. ஊர்க்கூட்டம், உழவர் அமைப்பு, உறவுமுறை ஆகிய மரபுவழித் தொடர்புகளே திரட்சிக்கு அடிப்படையாயின. அணையின் நீர்மட்டம் 1979க்குப் பின் 152 அடியிலிருந்து 136 அடியாகக் குறைக்கப்பட்டது என்னும் செய்தியை உழவர் தம் வயலின் பட்டறிவாகவே அறிந்திருந்தனர். சிக்கலின் அடிப்படைத் தரவு மக்கள் நாவில் தமிழில் வழங்கியது என்பது இங்குக் கருதத்தக்கது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடிவரை நீரைத் தேக்க ஒப்புதல் அளித்தபோது, அத்தீர்ப்பின் சாரம் ஓர் எண்ணாகவே ஊர்களுக்கு வந்துசேர்ந்தது. அவ்வெண்ணுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

அதே நாளில் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடைசெய்யும் தீர்ப்பையும் வழங்கியது. அதன் விளைவாக எழுந்த 2017 சனவரிப் போராட்டம் தமிழகத்தின் முதற்பெரும் இணையவழித் திரட்சி எனலாம். அதற்கு நான்கு மாதங்களுக்கு முன், 2016 செப்டம்பரில், ஜியோ நிறுவனம் தொடங்கப்பட்டதை அடுத்துக் கைப்பேசி இணையத்தின் விலை பெரிதும் வீழ்ந்திருந்தது. அலங்காநல்லூரிலும் சென்னை மெரினாவிலும் தொடங்கிய அமர்வு, சில நாள்களில் மாநிலம் முழுவதும் பரவிற்று. அரசியல் கட்சித் தலைமையின்றி, பெரும்பான்மையும் மாணவரும் இளம் பணியாளரும் ஒழுங்குடன் அமர்ந்திருந்தமை அந்நாளில் வியந்து பேசப்பட்டது.

எனினும் இப்போராட்டத்தின் இறுதிக் கட்டம் தனியே ஆராயத்தக்கது. சனவரி 21 அன்று அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. திரண்டிருந்தோர் நிரந்தரச் சட்டம் வேண்டும் என்று கூறிக் கலைய மறுத்தனர். 23ஆம் நாள் காலை காவல்துறை அவர்களை வெளியேற்ற முற்பட்டது, வன்முறை மூண்டது. அன்று மாலை சட்டமன்றத்தில் சட்டமுன்வரைவு நிறைவேறியது. கடற்கரையில் எஞ்சியிருந்தோரிடம் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் நேரில் சென்று சட்டநிலையைத் தமிழில் விளக்கிய பின்னரே அவர்கள் கலைந்து செல்ல இசைந்தனர்.

அரசமைப்புச் சட்டத்தின் 213ஆம் உறுப்பின்படி ஆளுநர் பிறப்பிக்கும் அவசரச் சட்டம் சட்டமன்றம் மீண்டும் கூடிய ஆறு வாரங்களில் காலாவதியாகும். அதற்குள் மன்றம் ஏற்பின் அது நிலையான சட்டமாகும். இந்த எளிய விளக்கம் பல இலட்சம் பகிர்வுகளுக்கு இடையே உரிய வேளையில் உரியோரைச் சென்றடையவில்லை. 'அவசரச் சட்டம்' என்னும் சொல்லாட்சியே தற்காலிகத் தன்மையை உணர்த்தி, ஐயத்தை மிகுவித்தது எனக் கருத இடமுண்டு. அறப்போரின் அழைப்பு ஒரு சில மணி நேரத்தில் தமிழகமெங்கும் பரவிய நிலையில், அதன் வெற்றியை அறிவிக்கும் ஆவணத்தைப் படித்துக்காட்ட ஒரு முன்னாள் நீதிபதி கடற்கரைக்கு வரவேண்டியிருந்தது.

4. பொட்டிப்புரம்: அச்சத்தின் மொழியும் ஆணையின் மொழியும்

இந்திய நியூட்ரினோ ஆய்வகம் முதலில் நீலகிரியின் சிங்காராவில் திட்டமிடப்பட்டது. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய பகுதி என்பதால் அவ்விடம் கைவிடப்பட்டு, தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தை ஒட்டிய மலை தெரிவுசெய்யப்பட்டது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் குடைந்து, 50,000 டன் காந்தமூட்டிய இரும்பாலான கருவியை நிறுவுவது திட்டம். 2015 சனவரியில் நடுவண் அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய் மதிப்பீட்டில் இதற்கு ஒப்புதல் வழங்கியது.

எதிர்ப்பு இருவகையாக வெளிப்பட்டது. ஒன்று, நியூட்ரினோ என்னும் துகளைப் பற்றிய அச்சம். துகளால் கதிர்வீச்சு உண்டாகும், பயிர் கருகும் என்பன போன்ற செய்திகள் பரவின. பிற பருப்பொருளோடு மிக அரிதாகவே வினைபுரியும் துகள் அது. இயற்கையிலேயே ஒவ்வொரு நொடியும் கோடிக்கணக்கில் நம் உடலை ஊடுருவிச் செல்வது. ஆகவே இவ்வச்சத்திற்கு அறிவியல் அடிப்படை இல்லை. மற்றொன்று, ஆவணங்களை வாசித்து எழுப்பப்பட்ட வினாக்கள்: பாறையை வெடிவைத்துத் தகர்ப்பதன் விளைவு என்ன? அகற்றப்படும் கல்லும் மண்ணும் எங்குக் கொட்டப்படும்? நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு என்ன நேரும்? மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா எவ்வளவு தொலைவில் உள்ளது? மதிப்பீட்டு அறிக்கையை ஆக்கியவர் அதற்குத் தகுதி பெற்றவரா?

திட்டத்தின் போக்கை மாற்றியவை இரண்டாம் வகை வினாக்களே. 2015 மார்ச்சில், வைகோ தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவின்றிப் பணியைத் தொடங்கலாகாது என ஆணையிட்டது. 2017 மார்ச்சில், பூவுலகின் நண்பர்கள் அமைப்பின் சுந்தர்ராஜன் தொடுத்த வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. மதிப்பீட்டு அறிக்கையை ஆக்கிய கோவை சாலிம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம் அப்பணிக்கு உரிய அங்கீகாரம் பெற்றிருக்கவில்லை என்பதே அவ்வாணையின் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. 2018 மார்ச்சில் நடுவண் வல்லுநர் குழுவின் பரிந்துரையின்பேரில் மீண்டும் அனுமதி வழங்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தீர்ப்பாயம் அதனை ஏற்றபோதும், தேசியக் காட்டுயிர் வாரியத்தின் ஒப்புதல் பெறாமல் பணி தொடங்கலாகாது என்றது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த உறுதிமொழிப் பத்திரத்தில் நீர்ப்பிடிப்பையும் புலிகளின் வழித்தடத்தையும் சுட்டித் திட்டத்தை எதிர்த்தது.

மேற்கண்ட எந்த ஆணையிலும் துகளின் தீங்கு முடிவைத் தீர்மானிக்கவில்லை. அறிக்கையாளரின் தகுதி, பூங்காவின் தொலைவு, பெறவேண்டிய ஒப்புதல்களின் வரிசை ஆகியவையே தீர்மானித்தன. வல்லுநர் குழுவின் கூட்டக் குறிப்புகளும் அனுமதிக் கடிதங்களும் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் இணையத்தளத்தில் எவரும் காணக் கிடைத்தன. கோம்பையிலோ தேவாரத்திலோ உள்ள ஓர் இளைஞரின் கைப்பேசிக்கு அவை எட்டாதவை அல்ல. ஆயின் அவை ஆங்கிலத்தில், அதிலும் துறைசார் ஆங்கிலத்தில் அமைந்தவை. துகள் பற்றிய அச்சமோ தமிழில், எளிய நடையில், படத்தோடும் குரலோடும் வந்தது. பொய்ச்செய்தி பரவுவதற்கு இளையோரின் அறியாமையை மட்டும் காரணமாகச் சுட்டுவது பொருந்தாது. மெய்ச்செய்தி அவர்தம் மொழியில் அருகில் இல்லாமையும் அதற்கு ஈடான காரணமாகும்.

5. மொழியே வழக்கான தருணம்: 2020

2020ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை, 2006ஆம் ஆண்டு அறிவிக்கைக்கு மாற்றாக முன்மொழியப்பட்டது. பொதுமக்கள் கருத்துரைப்பதற்கான கால அளவை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைத்தல், பணி தொடங்கிய பின்னும் அனுமதி பெற வழிவகுத்தல் ஆகிய கூறுகள் கடும் எதிர்ப்பைப் பெற்றன. நோய்த்தொற்றுக்கால ஊரடங்கில் வெளியான இவ்வரைவின்மீது கருத்துரைக்க மின்னஞ்சலே முதன்மை வழியாயிற்று. நாடெங்குமிருந்து, பெரும்பாலும் இளையோரிடமிருந்து, இலட்சக்கணக்கான மின்னஞ்சல்கள் அமைச்சகத்திற்குச் சென்றன.

வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியிடப்பட்டிருந்தது. 2020 சூன் 30 அன்று தில்லி உயர் நீதிமன்றம், அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அதனை மொழிபெயர்த்து வெளியிட வேண்டும் எனப் பணித்து, கருத்துரைக்கும் காலத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்டால் போதும் என்பது நடுவண் அரசின் வாதம். தமக்குப் புரியாத மொழியில் உள்ள வரைவின்மீது மக்கள் கருத்துக் கூறுவது எங்ஙனம் என்பது எதிர்வாதம். இவ்வரைவு பின்னர் இறுதி அறிவிக்கையாக வெளியிடப்படவில்லை.

இந்நிகழ்வில் இணையப் பங்கேற்பின் இருவகை இடர்களும் வெளிப்பட்டன. முதலாவது, முன்கூட்டி எழுதப்பட்ட ஒரே மடலைப் பல்லாயிரவர் அனுப்பும் வழக்கம். இதில் எண்ணிக்கை மிகும். கருத்தின் வகைமை குறையும். மலையடிவார உழவர் மகனின் மடலும் பெருநகர மாணவியின் மடலும் ஒரே வாசகத்தைத் தாங்கினால், அவ்வூருக்கே உரிய செய்தி அமைச்சகத்தை எட்டுவதில்லை. இரண்டாவது, அடக்குமுறையின் எளிமை. மடலனுப்பும் இயக்கத்தில் ஈடுபட்ட இளையோர் சூழலியல் அமைப்பொன்றின் இணையத்தளம் 2020 சூலையில் காவல்துறை அறிவிக்கையின் பேரில் முடக்கப்பட்டது. பின்னர் அவ்வறிவிக்கை திரும்பப் பெறப்பட்டது. இணையத்தை மட்டுமே நம்பிய பங்கேற்பு ஒரு கடிதத்தால் நிறுத்தப்படக்கூடியது என்பதை இது காட்டுகிறது.

6. சொல்லாட்சிச் சிக்கல்

ஆவணங்களை மொழிபெயர்த்தல் மட்டும் போதுமா என்பது அடுத்த வினா. பொட்டிப்புரம் சிக்கலில் மூன்று வெவ்வேறு சட்டச் செயல்கள் உள்ளன. நடுவண் அமைச்சகம் வழங்குவது ஒன்று. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழங்குவது மற்றொன்று. காட்டுயிர் வாரியம் வழங்குவது வேறொன்று. ஆங்கிலத்தில் தனித்தனிப் பெயர் பெறும் இவை தமிழ் நாளிதழ் வழக்கிலும் சமூக ஊடக வழக்கிலும் பெரும்பாலும் 'அனுமதி' என்னும் ஒரே சொல்லாற் குறிக்கப்படுகின்றன. அதனால் 'அனுமதி கிடைத்தது' என்னும் செய்தியைப் படிக்கும் இளைஞர் எல்லாம் முடிந்தது எனக் கருதுகிறார்; 'அனுமதி நிறுத்தம்' என்று படித்தால் திட்டமே கைவிடப்பட்டதாகக் கருதுகிறார். இவற்றை முறையே அனுமதி, இசைவாணை, ஒப்புதல் என வேறுபடுத்தி வழங்கின் இம்மயக்கம் நீங்கும். இக்கட்டுரையின் நான்காம் பகுதி இவ்வேறுபாட்டைப் பின்பற்றியே எழுதப்பட்டுள்ளது.

எழுத்துருச் சிக்கலும் உண்டு. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றபோதும், அதற்கு முன்னும் பின்னும் வேறு குறியாக்கங்களில் தட்டச்சிட்ட கோப்புகளும், அச்சுப்படியை ஒளிப்படமாக எடுத்து ஏற்றிய கோப்புகளும் அரசுத் தளங்களில் காணப்படுகின்றன. இத்தகைய கோப்பில் ஊர்ப்பெயரை இட்டுத் தேடினால் கிடைப்பதில்லை. 'கோம்பை' என்று தேடும் இளைஞருக்குக் கோம்பை பற்றிய ஆணை அகப்படாதாயின், அது வெளியிடப்பட்டும் வெளியிடப்படாததே.

7. மன்றம் இல்லாத ஊர்

வினவுதற்கு ஆவணம் வேண்டும்; வினவும் இடமும் வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 73ஆம் திருத்தம் ஊராட்சிகளுக்குக் கிராம சபையை அளித்தது. தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபை கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள 18 வயதினரும் அதன் உறுப்பினரே. பொட்டிப்புரத்து இளைஞருக்கு இவ்வாய்ப்பு உண்டு. சில கல் தொலைவில் உள்ள கோம்பைப் பேரூராட்சியின் இளைஞருக்குக் கிராம சபை இல்லை. நகர்ப்புற உள்ளாட்சிகளில் 243எஸ் உறுப்பு வகுக்கும் வட்டக் குழுக்களும் மூன்று இலட்சம் மக்கள்தொகைக்குக் குறையாத இடங்களுக்கே கட்டாயம். இவ்விடைவெளியை நோக்கித் தமிழ்நாடு அரசு 2022இல் பகுதி சபை முறையைக் கொணர்ந்தது. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று அவை முதன்முறையாகக் கூடின. மரபு இன்னும் வேர்கொள்ளவில்லை. பேசும் மன்றம் வலுவற்ற ஊரில் புலனக் குழுவே மன்றமாகிவிடுகிறது. அங்குத் தீர்மானமோ பதிவேடோ விடைகூறும் பொறுப்போ இல்லை.

பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை இங்கு நினைவுகூரலாம். கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு குடவோலை முறையின் விதிகளைத் தமிழில் விரித்துரைக்கிறது. அவ்வமைப்பு நிலவுடைமையுள்ள ஆடவர்க்கே உரியது. 35 அகவைக்கு உட்பட்டோர்க்கு இடமளிக்காதது. இன்றைய குடியாட்சிக்கு அது முழுமாதிரி ஆகாது. ஆயினும், ஆளும் விதியை ஊரார் மொழியில், ஊரார் கூடும் இடத்தில் பொறித்தல் என்னும் நெறி அதில் உண்டு. இன்று விதி மாறிவிட்டது. இளையோர்க்கும் மகளிர்க்கும் இடம் உண்டு. அவ்விதியை அவர்தம் மொழியில் கண்முன் நிறுத்தும் நெறிதான் பின்தங்கியுள்ளது.

8. செய்யத்தக்கன

தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005 இவ்வகையில் வலுவான கருவி. அதன் 4ஆம் பிரிவு அரசு அலுவலகங்கள் தாமாகவே தகவலை வெளியிடவும், அவ்வாறு வெளியிடுகையில் உள்ளூர் மொழியைக் கருத்திற்கொள்ளவும் கூறுகிறது. 6ஆம் பிரிவு ஆங்கிலம், இந்தி அல்லது அப்பகுதியின் ஆட்சிமொழியில் விண்ணப்பிக்க உரிமை அளிக்கிறது. கோம்பை மாணவர் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தமிழிலேயே வினவலாம். 2006ஆம் ஆண்டு அறிவிக்கையும் பொதுமக்கள் கருத்துக்கேட்பு வேண்டப்படும் திட்டங்களுக்கு மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கத்தை மாநில மொழியில் தரப் பணிக்கிறது. ஆயினும் கட்டுமானத் திட்டங்களைக் குறிக்கும் 8(அ) இனத்திற்குக் கருத்துக்கேட்பு வேண்டுவதில்லை. நியூட்ரினோ ஆய்வகம் அவ்வினத்தில் வைத்தே ஆராயப்பட்டது என்பது கருதத்தக்கது.

தமிழ்த்துறைகள் ஆற்றத்தக்க பணிகள் மூன்று. முதலாவதாக, மொழிபெயர்ப்பியல் பாடத்தில் மாணவர்க்கு அவரவர் வட்டாரத்தைச் சார்ந்த அரசு ஆவணம் ஒன்றைத் தமிழாக்கும் பயிற்சியை அளிக்கலாம். உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி போன்ற பள்ளத்தாக்கின் கல்லூரிகளுக்கு, மலையும் நீரும் பற்றிய ஆவணங்கள் போதிய அளவில் உள்ளன. இரண்டாவதாக, சூழலியல், உள்ளாட்சி ஆகிய துறைகளின் சட்டச் சொற்களுக்கு வேறுபாடு சிதையாத சொல்லடைவை உருவாக்கி ஒருங்குறியில் இணையத்தில் இடலாம். மூன்றாவதாக, பகுதி சபை, கிராம சபை ஆகியவற்றிற்கு முன் அவ்வூர் வரவுசெலவையும் நிலுவைத் தீர்மானங்களையும் ஒரு பக்கச் சுருக்கமாக ஆக்கி, ஊர் நூலகத்திலும் இணையத்திலும் வைக்க நாட்டு நலப்பணித் திட்ட மாணவரை ஈடுபடுத்தலாம்.

முடிவுரை

1. இணையம் இளையோரைத் திரட்டும் ஆற்றலை 2017ஆம் ஆண்டுப் போராட்டம் ஐயமற நிறுவியது. திரண்டோர்க்குச் சட்டநிலையை உரிய வேளையில் தமிழில் எடுத்துரைக்கும் ஏற்பாடு இல்லாமையையும் அதுவே காட்டியது.

2. பொட்டிப்புரம் சிக்கலில் முடிவைத் தீர்மானித்தவை ஆவணங்களிலிருந்து எழுந்த வினாக்களே. இணையத்தில் தமிழில் பரவிய துகளச்சம் எந்த ஆணைக்கும் அடிப்படையாகவில்லை.

3. 2020ஆம் ஆண்டு வழக்கு, அரசின் வரைவைத் தம் மொழியில் படிப்பது குடிமைப் பங்கேற்பின் முன்நிபந்தனை என்பதைப் பொது விவாதத்திற்குக் கொண்டுவந்தது.

4. 'அனுமதி' போன்ற பொதுச்சொற்கள் சட்ட வேறுபாடுகளை மறைப்பதால், சொல்லாட்சி ஒழுங்கும் குடிமைப் பணியேயாகும்.

5. பேரூராட்சி இளைஞர்க்குப் பகுதி சபைகள் நிலைபெறாதவரை இணையம் மன்றத்திற்கு மாற்றாகவே நிற்கும்; துணையாக அமையாது.

ஆட்சித்தமிழ் குறித்த ஆய்வு இதுகாறும் அலுவலகக் கோப்பின் மொழியையே பெரிதும் கருத்திற்கொண்டது. அக்கோப்பைக் கைப்பேசியில் திறக்கும் பதினெட்டு வயது வாசகரையும் அவ்வாய்வு இனிக் கருதவேண்டும். அடுத்த திட்டம் எந்த மலையடிவாரத்திற்கு வரும் என்பது அறியக்கூடியதன்று. அது வருமுன் அதன் ஆவணத்தைப் படிக்கும் திறன் அவ்வூர் இளையோர்க்கு வாய்த்திருத்தல் வேண்டும்.